அதிகாரமும் மோதலும்: ஜிசிஎஸ்இ ஆங்கில இலக்கியத்தில் இரண்டு கவிதைகளை ஒப்பிட்டு எழுதுவது எப்படி?

‘பவர் அண்ட் கான்ஃப்ளிக்ட்’, அதாவது ‘அதிகாரமும் மோதலும்’ என்ற தொகுதியின் பதினைந்து கவிதைகளும் பாடம். மேற்கோள்கள் நாக்கு நுனியில். இருந்தும் மொக் என்ற மாதிரிப் பரீட்சையில் முப்பதுக்குப் பதினாலு. ஜிசிஎஸ்இ எழுதப்போகும் இயர் லெவன் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கொண்டுவரும் முறைப்பாடு இதுதான். விடைத்தாளை வாங்கிப் பார்த்தால் காரணம் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். ஒரு கவிதையின் கதை, நடுவில் ‘சிமிலர்லி’ என்று ஒரு சொல், பிறகு மற்றக் கவிதையின் கதை. இரண்டு கதைகளை அடுத்தடுத்து வைத்துவிட்டு ஒப்பிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்: அதிகாரத்தைப் பற்றி இரண்டு கவிஞர்களும் என்ன தீர்ப்புச் சொல்கிறார்கள் என்பதை ஒப்பிடுங்கள். கவிதையில் நடக்கும் சம்பவம் அந்தத் தீர்ப்புக்கான சாட்சி மட்டுமே. இது பிடிபட்டால் மற்றதெல்லாம் பயிற்சிதான்.

பிள்ளைகளுக்கும், ஆங்கில இலக்கியம் படிக்காத பெற்றோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பெற்றோருக்கென்று தனியாக ஒரு பகுதி பின்னால் வருகிறது.

வினாத்தாளில் என்ன இருக்கும்?

முதலில் உங்கள் பாடசாலை எந்தப் பரீட்சைச் சபையின் பாடத்திட்டத்தைப் பின்பற்றுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே நான் சொல்வது ஏக்யூஏ சபையின் பாடத்திட்டம். எடெக்செல் என்ற இன்னொரு சபையிலும் ‘கான்ஃப்ளிக்ட்’ என்று ஒரு தொகுதி இருக்கிறது, ஆனால் கவிதைப் பட்டியல் வேறு. யூடியூபில் பார்த்த நோட்ஸை அப்படியே எழுதி, தன் பட்டியலில் இல்லாத கவிதையைப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் உண்டு.

ஏக்யூஏயில் இது பேப்பர் 2. நேரம் 2 மணி 15 நிமிடம், மொத்தம் 96 புள்ளிகள். பகுதி அ நாடகம் அல்லது நாவல், பகுதி ஆ நாம் பேசும் கவிதை ஒப்பீடு, பகுதி இ முன்பின் பார்த்திராத கவிதைகள். ஒப்பீட்டுக் கேள்விக்கு 30 புள்ளிகள். பதினைந்தில் ஒரு கவிதையை வினாத்தாளிலேயே அச்சிட்டுத் தந்திருப்பார்கள். அதோடு ஒப்பிட வேண்டிய இரண்டாவது கவிதையை நீங்களே தெரிவு செய்ய வேண்டும், அதன் வரிகள் உங்கள் தலையில்தான் இருக்க வேண்டும். புத்தகம் கொண்டுபோக முடியாது.

முப்பது புள்ளிகளும் மூன்றாகப் பிரிகின்றன. கேள்விக்கு நேராகப் பதில் சொல்லி, ஒப்பிட்டு, மேற்கோளால் நிறுவுவதற்கு 12. சொல், வடிவம், அமைப்பு ஆகியவற்றைக் கவிஞர் எப்படிக் கையாள்கிறார் என்பதற்கு 12. பின்னணிக்கு 6. இந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். ஆறே ஆறு புள்ளிக்காக முழுப்பக்கம் கவிஞரின் வாழ்க்கை வரலாறு எழுதுபவர்கள்தான் அதிகம். இன்னொன்று, எழுத்துப்பிழைக்கான தனிப் புள்ளிகள் இந்தப் பகுதியில் இல்லை. ‘ஒஸிமாண்டியஸ்’ என்ற பெயரை எப்படி எழுதுவது என்று இரண்டு நிமிடம் தடுமாறத் தேவையில்லை.

நேரத்தைப் பொறுத்தவரை 45 நிமிடம் கணக்கு வையுங்கள். அதில் முதல் எட்டு நிமிடம் பேனா விடைத்தாளில் படக்கூடாது என்பது என் கட்சி.

முதல் படி: கேள்வியில் எந்த அதிகாரம்?

‘அதிகாரம்’ என்று கேள்வி வந்தவுடன் பாய்ந்து எழுதக்கூடாது. அரசனின் அதிகாரம் ஒன்று, இயற்கையின் வல்லமை இன்னொன்று. நினைவு ஒரு மனிதனை ஆட்டிப்படைப்பதும் அதிகாரம்தான். ஊர் என்ன சொல்லும் என்ற பயம்கூட ஓர் அதிகாரம். மோதலும் அப்படித்தான்: போர்க்களத்தில் நடப்பது ஒன்று, ஒருவன் மனசுக்குள் நடப்பது இன்னொன்று. கேள்வியில் உள்ள முக்கியச் சொல்லை வட்டமிட்டு, அது இவற்றில் எது என்று பக்கத்தில் ஒரு சொல்லில் எழுதுங்கள். அச்சிட்ட கவிதையை அந்தக் கண்ணோடு மறுபடி வாசியுங்கள். நூறு தடவை வாசித்த கவிதைதானே என்று விட்டுவிடாதீர்கள், கேள்வி மாறினால் கண்ணில் படும் வரியும் மாறும்.

இரண்டாம் படி: துணைக் கவிதையைத் தெரிவு செய்தல்

பதினைந்து கவிதைகளையும் சம ஆழத்தில் பாடமாக்குவது பலருக்கு முடியாத காரியம், தேவையும் இல்லை. பதினைந்தையும் விளங்கிப் படியுங்கள், ஏனென்றால் எது அச்சாகும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஆறு கவிதைகளை மட்டும் உள்ளங்கை ரேகை மாதிரித் தெரிந்துவைத்திருங்கள். அச்சிட்ட கவிதை எதுவானாலும் இந்த ஆறில் ஒன்று துணைக்கு வரும்.

என் ஆறு இவை: ஷெல்லியின் ‘ஒஸிமாண்டியஸ்’, பிளேக்கின் ‘லண்டன்’, ஓவனின் ‘எக்ஸ்போஷர்’, ஆர்மிட்டேஜின் ‘ரிமெய்ன்ஸ்’, கார்லண்டின் ‘கமிகாசி’, ஜான் அகார்டின் ‘செக்கிங் அவுட் மீ ஹிஸ்டரி’. ஆள்பவனின் செருக்கு முதலாவதில் இருக்கிறது. சமூகத்தின் அடக்குமுறை இரண்டாவதில். போரும் இயற்கையும் சேர்ந்து வாட்டுவது மூன்றாவதில். குற்ற உணர்வு, குடும்பத்தின் தண்டனை, பறிக்கப்பட்ட வரலாறு என்று மிச்சம் மூன்றும் போகின்றன.

பிரவுனிங்கின் ‘மை லாஸ்ட் டச்சஸ்’ அல்லது தார்க்கரின் ‘டிஷ்யூ’ அச்சாகி வந்தால் ஒஸிமாண்டியஸை எடுங்கள். வேர்ட்ஸ்வொர்த்தின் ‘பிரெலூட்’ பகுதி, ஹீனியின் ‘ஸ்டோர்ம் ஆன் தி ஐலண்ட்’, ஹியூஸின் ‘பேயொனெட் சார்ஜ்’, டெனிசனின் ‘சார்ஜ் ஆஃப் தி லைட் பிரிகேட்’ நான்குக்கும் எக்ஸ்போஷர் பொருந்தும். டஃபியின் ‘வார் ஃபோட்டோகிராஃபர்’ வந்தால் ரிமெய்ன்ஸ். ஜேன் வியரின் ‘பாப்பீஸ்’ வந்தால் கமிகாசி, இரண்டிலும் போரை வீட்டிலிருந்து பார்க்கும் ஒரு பெண்ணின் கண் இருக்கிறது. ரூமன்ஸின் ‘எமிக்ரே’ வந்தால் அகார்ட். இந்த ஆறில் ஒன்றே அச்சாகிவிட்டால்? அதற்காகத்தான் ஒன்றல்ல, ஆறு.

ஒரு எச்சரிக்கை. ‘இரண்டும் போரைப் பற்றியவை’ என்பது தெரிவுக்குப் போதிய காரணம் ஆகாது. ஒரு புள்ளியில் ஒத்துப்போய், இன்னொரு புள்ளியில் முட்டிக்கொள்ளும் கவிதைதான் நல்ல துணை. ஒத்தும் போகாமல் முட்டவும் செய்யாமல் பக்கத்தில் நிற்கும் கவிதையால் பயன் இல்லை.

மூன்றாம் படி: இரண்டே வாக்கியத்தில் உங்கள் வாதம்

இதுதான் விடையின் முதுகெலும்பு, இதற்குத்தான் அந்த எட்டு நிமிடத்தில் பாதி. ஒரு வாக்கியம் இரண்டு கவிஞர்களும் எங்கே உடன்படுகிறார்கள் என்று சொல்ல வேண்டும். அடுத்த வாக்கியம் எங்கே பிரிகிறார்கள் என்று சொல்ல வேண்டும். இரண்டு வாக்கியங்களிலும் எழுவாய் கவிஞராக இருக்கட்டும், கவிதைக்குள் வரும் அரசனோ பிரபுவோ அல்ல.

ஒஸிமாண்டியஸையும் மை லாஸ்ட் டச்சஸையும் எடுத்துக்கொள்வோம். முதலாவதில் பாலைவனத்தில் உடைந்து கிடக்கும் ஓர் அரசனின் சிலை. இரண்டாவதில் ஒரு பிரபு, தன் அடுத்த கல்யாணம் பேச வந்த தூதனிடம், இறந்த மனைவியின் ஓவியத்தைக் காட்டிப் பேசுகிறான். கேள்வி மனிதரின் அதிகாரம் பற்றியது. பெரும்பாலான விடைகள் இப்படித் தொடங்கும்: “இரண்டு கவிதைகளிலும் அதிகாரம் உள்ள ஆண்கள் வருகிறார்கள். இருவரும் செருக்குப் பிடித்தவர்கள்.” உண்மைதான், ஆனால் இதற்கு அப்பால் போக இடமில்லை. சுவரில் முட்டிய மாதிரி விடை அங்கேயே நின்றுவிடும்.

இப்படி எழுதிப் பாருங்கள்: “ஷெல்லியும் பிரவுனிங்கும் அதிகாரத்தைத் தாங்களாக நேரே ஏசாமல், அதிகாரத்தையே பேசவிட்டு, அதன் வாயாலேயே அதைக் காட்டிக்கொடுக்கிறார்கள். ஆனால் ஷெல்லி காலம் அந்தக் குரலை அழித்துவிடும் என்று நம்புகிறார், பிரவுனிங்கோ அது தண்டனை இல்லாமல் தொடர்ந்து பேசுவதைக் காட்டுகிறார்.” இந்த இரண்டு வாக்கியத்திலிருந்து மூன்று பந்திகள் தானாக வரும். பரீட்சையில் இதை ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறீர்கள், ஆனால் தமிழில் யோசித்துத் தெளிவு வந்தால் அதில் ஒன்றும் குறைவில்லை.

நான்காம் படி: பந்தி கட்டுதல்

முதல் கவிதைக்கு ஒரு பந்தி, இரண்டாவதற்கு ஒரு பந்தி என்று மாற்றி மாற்றி எழுதலாமா, ஒரே பந்தியில் இரண்டையும் வைக்கலாமா என்று கேட்பார்கள். இரண்டும் சரி. ஆனால் நான் ஒரே பந்தியின் பக்கம். ஒரு கருத்து, அதற்குள் இரண்டு கவிதை. அப்படி எழுதும்போது ஒப்பிடுவதிலிருந்து தப்பிக்கவே முடியாது. இரண்டு கவிதைக்கும் சம அளவு வரி ஒதுக்க வேண்டும் என்ற சட்டமும் இல்லை, ஒன்று வெறும் ஒப்புக்கு வந்துபோகாமல் இருந்தால் போதும்.

இப்போது அந்த இரண்டு கவிதைகளையும் கிட்டப்போய்ப் பார்ப்போம். எந்த அளவுக்குக் கிட்டப்போக வேண்டும் என்பதைக் காட்டத்தான் இந்தப் பகுதியை நீட்டுகிறேன்.

முதலில் யார் எவ்வளவு பேசுகிறார்கள் என்று பாருங்கள். ஒஸிமாண்டியஸ் 14 அடி. அதில் அரசன் வாய்திறப்பது இரண்டே அடி, பீடத்தில் செதுக்கிய வாசகமாக. அதுவும் நேரே நம் காதுக்கு வரவில்லை. பாலைவனத்தில் பார்த்த ஒரு வழிப்போக்கன் கவிதைசொல்லியிடம் சொல்ல, அவர் நமக்குச் சொல்கிறார். ‘கிங் ஆஃப் கிங்ஸ்’ என்று மார்தட்டியவனின் குரல் மூன்று கை மாறித்தான் நம்மிடம் வந்து சேர்கிறது. மை லாஸ்ட் டச்சஸ் 56 அடி. ஐம்பத்தாறும் பிரபுவின் வாய்தான். எதிரே இருக்கும் தூதன் ஒரு சொல் பேசுவதாகக் கவிதையில் இல்லை, இறந்த மனைவிக்கும் குரல் இல்லை, பந்தி இடைவெளிகூட இல்லை. ஒருவன் பேச்சைக் காலம் இரண்டு அடியாகச் சுருக்கிவிட்டது, இன்னொருவன் யாரையும் குறுக்கே பேசவிடாமல் அறை முழுக்க நிரப்புகிறான். வடிவத்தைப் பற்றி எழுது என்று ஆசிரியர் சொல்வது இதைத்தான். ‘இது ஒரு சானட்’ (14 அடிக் கவிதை), ‘இது ஒரு டிராமாட்டிக் மோனோலாக்’ (ஒரே பாத்திரம் பேசும் கவிதை) என்று பெயர் சொல்வது வடிவத்தைப் பற்றி எழுதியதாகாது.

அடுத்தது, இரண்டு கவிதைகளிலும் வரும் ஒரே சொல். ஷெல்லி அரசனின் முகத்தில் ‘ஸ்நியர் ஆஃப் கோல்ட் கமாண்ட்’ இருந்தது என்கிறார், ஆணையிட்டுப் பழகிய இளக்காரச் சிரிப்பு. பிரவுனிங்கின் பிரபு ‘ஐ கேவ் கமாண்ட்ஸ்’ என்கிறான், அடுத்த மூச்சில் புன்னகை எல்லாம் நின்றுபோயிற்று என்கிறான். ஒருவனுடைய ஆணை கல்லில் உறைந்து, கேட்க ஆளில்லாமல் கிடக்கிறது. மற்றவனுடைய ஆணைக்கு ஓர் உயிர் போயிருக்கலாம் என்று நாம் நினைக்கிறோம், அவனோ அதை ஏதோ வீட்டுக் கணக்குச் சொல்வதுபோல் சொல்கிறான். என்ன ஆணை என்று அவன் சொல்வதே இல்லை. சொல்லாமல் விடுவதும் ஒரு உத்தி என்று எழுதுங்கள், இதற்குக் கிடைக்கும் புள்ளி உவமை உருவகத்தை எண்ணிச் சொல்வதற்குக் கிடைக்காது.

மூன்றாவது, இரண்டிலும் ஒரு கலைஞன் இருக்கிறான். அரசனின் முகத்தைச் செதுக்கிய சிற்பி அந்த மனத்தை ‘நன்றாக வாசித்தவன்’ என்கிறார் ஷெல்லி. ‘தி ஹாண்ட் தட் மொக்ட் தெம்’ என்ற தொடரில் அந்தச் சிற்பியின் கை போலச் செய்ததாகவும் கேலி செய்ததாகவும் இரண்டு பொருளும் ஒரே நேரத்தில் நிற்கின்றன. அரசன் கூலி கொடுத்துச் செய்வித்த சிலையே அவனுக்கு எதிரான சாட்சி ஆகிவிட்டது. பிரவுனிங்கின் பிரபு இதில் கெட்டிக்காரன். ஓவியத்துக்கு முன்னால் திரை போட்டு, அதைத் தன்னைத் தவிர வேறு யாரும் விலக்கக்கூடாது என்று வைத்திருக்கிறான். உயிரோடு இருந்தபோது எல்லோரையும் பார்த்துச் சிரித்தவளை இப்போது யார் பார்க்கலாம் என்று அவனே முடிவு செய்கிறான். ஆக, கலை ஒரு கவிதையில் அதிகாரத்தின் பிடியிலிருந்து தப்பிவிட்டது, இன்னொன்றில் அதன் கைக்குள் அகப்பட்டிருக்கிறது. ஆனால் தன் வாயை மூட அவனிடம் திரை இல்லையே!

கடைசி அடிகளையும் விடாதீர்கள். ஷெல்லியில் அரசனின் பெருமைக்கு அடுத்து வருவது ‘நத்திங் பிசைட் ரிமெய்ன்ஸ்’ என்ற மூன்று சொல், வேறெதுவும் மிஞ்சவில்லை என்று. பிறகு கண்ணுக்கெட்டியவரை மணல். பிரவுனிங்கில் பிரபு படிக்கட்டில் இறங்கிக்கொண்டே, கடற்குதிரையை அடக்கும் நெப்டியூனின் வெண்கலச் சிலையைக் காட்டுகிறான், எனக்காகவே வார்த்தது என்கிறான். கவிதையின் கடைசிச் சொல் ‘மீ’. அடுத்த கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. உங்கள் வாதத்தின் இரண்டாவது வாக்கியம், அதாவது இருவரும் பிரியும் இடம், இங்கேதான் நிறுவப்படுகிறது.

இதையெல்லாம் 45 நிமிடத்தில் எழுத முடியாது, எழுதவும் வேண்டாம். இதில் மூன்று போதும். மூன்றையும் ஆழமாக எழுதினால் 16–20 என்ற ‘தெளிவான’ மட்டத்தைத் தாண்டி மேலே போகலாம். உச்ச மட்டமான 26–30க்கு வழிகாட்டும் சொற்கள் விமர்சன நோக்கும் நம்பவைக்கும் வாதமும் என்பவைதான், உத்திகளின் எண்ணிக்கை அல்ல.

அத்தோடு ‘பெர்ஹாப்ஸ்’, ‘இட் குட் பி ஆர்கியூட்’ மாதிரியான தயக்கச் சொற்களுக்குப் பயப்படாதீர்கள். இலக்கியத்தில் தயங்கிச் சொல்வது பலவீனம் இல்லை, இன்னொரு வாசிப்பும் உண்டு என்று உங்களுக்குத் தெரியும் என்பதற்கு அடையாளம்.

ஐந்தாம் படி: பின்னணியை எங்கே வைப்பது?

தனிப் பந்தியாக வைக்காதீர்கள். மேற்கோளுக்குப் பக்கத்தில், அரை வாக்கியமாக.

ஒஸிமாண்டியஸ் 1818இல் வெளிவந்தது. நெப்போலியன் வாட்டர்லூவில் வீழ்ந்து மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. ஷெல்லி முடியாட்சியை வெறுத்தவர். இந்த இரண்டையும் ‘லுக் ஆன் மை வர்க்ஸ்’ என்ற வரியோடு சேர்த்தால், எகிப்திய அரசனின் பெயரில் அவர் தன் காலத்து மன்னர்களைப் பார்த்தே பேசுகிறார் என்று எழுதலாம். ஷெல்லி எங்கே படித்தார், எப்படி இறந்தார் என்பது விடைக்கு வேண்டாம்.

ஒஸிமாண்டியஸ் என்பது இரண்டாம் ராம்செஸின் கிரேக்கப் பெயர். அவனுடைய பிரமாண்டமான சிலைத் தலை ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது, நுழைவு இலவசம். ஒரு சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஆனால் அதைப் பார்த்துத்தான் ஷெல்லி எழுதினார் என்று விடையில் எழுதவிடாதீர்கள். சிலை லண்டன் வந்து சேருமுன்பே கவிதை வெளியாகிவிட்டது.

மை லாஸ்ட் டச்சஸ் 1842. பிரவுனிங் மனதில் வைத்திருந்தது பெரும்பாலும் பெராராவின் பிரபு இரண்டாம் அல்போன்சோவை. அவன் 1558இல் மணந்த லூக்ரேசியா 1561இல் பதினாறு வயதில் இறந்துபோனாள், நஞ்சு என்று வதந்தி கிளம்பியது. கதை இத்தாலியில் நடந்தாலும் வாசித்தவர்கள் விக்டோரியா காலத்து ஆங்கிலேயர்கள், மனைவியின் சொத்து கணவனுக்கே என்று சட்டம் சொன்ன நாட்டவர்கள். இதில் அரை வாக்கியம் எடுத்தால் போதும்.

இன்னும் இரண்டு இணைகள், சுருக்கமாக

டெனிசனும் ஓவனும். டெனிசன் அரசவைக் கவிஞர். 1854 ஒக்டோபர் 25 அன்று கிரிமியாவின் பலக்லாவாவில் நடந்த தாக்குதலைப் பத்திரிகையில் வாசித்து எழுதினார். ஓவன் பதுங்குகுழிக் குளிரில் கிடந்தவர், போர் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, 1918 நவம்பர் 4இல் கொல்லப்பட்டார். ‘ஒருவர் போரைப் புகழ்கிறார், மற்றவர் இகழ்கிறார்’ என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது, புள்ளியும் முடிந்தது. டெனிசன் ‘சம் ஒன் ஹாட் ப்ளண்டர்ட்’ என்கிறார். யாரோ பிழைவிட்டார்கள், அது வீரர்களுக்கும் தெரியும். ஆக, கட்டளையிட்டவர்கள் மேல் குறை அங்கேயும் இருக்கிறது, ஆனால் குதிரைக் குளம்படிபோல் ஓடும் தாளம் அந்தக் குறையில் தங்கவிடாமல் நம்மை இழுத்துக்கொண்டு போகிறது. ஓவனில் ஓட்டமே இல்லை. ‘பட் நத்திங் ஹாப்பன்ஸ்’ திரும்பத் திரும்ப வந்து பந்தியைக் குப்புறத் தள்ளுகிறது. எதுகைகூட முழுசாக இணையவில்லை, ‘சைலண்ட்’டுக்கு ‘சேலியண்ட்’. சாவு வேகமாக வருவதா, சாவு வராமல் காத்துக்கிடப்பதா, எதில் வீரன் அதிகம் கையறுந்து நிற்கிறான்? இப்படி ஒரு கேள்வியை நீங்களே எழுப்பிப் பதில் தேடினால் விடை நல்ல விடை.

பிளேக்கும் அகார்டும். இது பிள்ளைகள் குறைவாகத் தொடும் இணை, எனக்கோ மிகப் பிடித்தது. 1794இல் பிளேக் லண்டன் தெருவில் கேட்ட ஒவ்வொரு குரலிலும் ‘மைண்ட்-ஃபோர்ஜ்ட் மனக்கிள்ஸ்’ ஒலிக்கிறது என்றார், மனமே அடித்துப் பூட்டிக்கொண்ட விலங்கு. கயானாவில் பிறந்து 1977இல் இங்கிலாந்து வந்த அகார்ட், பாடசாலைப் பாடம் தன் கண்ணைக் கட்டிவிட்டது என்கிறார். இரண்டிலும் அதிகாரம் கைகாலை விட்டுவிட்டு மனத்தைப் பிடிக்கிறது. ஆனால் பிளேக் ஒரே மாதிரியான நான்கு பந்திகளுக்குள் வழி தெரியாமல் நடந்துகொண்டே இருக்கிறார். அகார்டோ பாடசாலை இலக்கண ஆங்கிலத்தை மறுத்து, கரீபியப் பேச்சு மொழியில் எழுதி, கடைசியில் தன் அடையாளத்தைத் தானே செதுக்கத் தொடங்குகிறார். லண்டனின் மூன்றாம் பந்தியில் அடிகளின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘ஹியர்’, அதாவது ‘கேள்’ என்று வரும் என்று எல்லா நோட்ஸிலும் இருக்கும். உண்மைதான். எழுதினால் அடுத்த வாக்கியத்திலேயே அந்தக் கேட்டல் எதற்கு என்று சொல்லுங்கள், சொல்ல வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

“எனக்கு இங்கிலீஷ் லிட்டரேச்சர் தெரியாது தம்பி, நான் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது?” என்று கேட்கும் அம்மாமார் நிறையப் பேர். சொல்லிக்கொடுக்க வேண்டாம், கேளுங்கள். சமைத்துக்கொண்டிருக்கும்போது பிள்ளையைக் குசினியில் உட்காரவைத்துத் தமிழிலேயே மூன்று கேள்வி: இந்தக் கவிதையில் பலம் யார் கையில் இருக்கிறது? கடைசி வரியிலும் அது அவரிடமே இருக்கிறதா? அதைப் பற்றி எழுதினவருக்கு என்ன எண்ணம்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு வாதம் கைக்கு வந்துவிட்டது. தெரியாவிட்டால் எத்தனை நோட்ஸ் இருந்தும் பயனில்லை.

கமிகாசி மாதிரியான கவிதைக்கு உங்கள் உதவி உண்மையிலேயே பெறுமதியானது. தற்கொலைத் தாக்குதலுக்குப் போன ஜப்பானிய விமானி பாதியில் திரும்பி வருகிறான். அவனை யாரும் அடிக்கவில்லை, சிறையில் போடவில்லை. மனைவி அவன் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, அக்கம்பக்கம் அவன் இல்லாததுபோல் நடந்துகொள்கிறது, பிள்ளைகளும் மெல்ல மெல்ல அப்படியே பழகிவிடுகிறார்கள். ஒரு மனிதனை ஊர் தள்ளிவைத்தால் என்ன ஆகும் என்று லண்டனில் பிறந்த பிள்ளைக்கு விளங்காது, உங்களுக்கு விளங்கும். அதைச் சொல்லிக்கொடுங்கள். அந்த மௌனமும் ஓர் ஆயுதம் என்று அவர்கள் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வார்கள்.

எமிக்ரே விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம். விட்டுவந்த நகரத்தைச் சூரிய ஒளியாகவே நினைவில் வைத்திருக்கும் ஒருவரின் குரல் அது, ஒவ்வொரு பந்தியும் ‘சன்லைட்’ என்ற சொல்லில் முடியும். யாழ்ப்பாணத்தை விட்டு வந்த குடும்பத்துப் பிள்ளைகள் அதை வாசித்துவிட்டு அப்பம்மாவின் கதையை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். உணர்ச்சி நல்லதுதான், கவிதை மனதில் தைத்ததற்கு அடையாளம். ஆனால் ரூமன்ஸ் அந்த நகரத்துக்கு வேண்டுமென்றே பெயர் வைக்கவில்லை. பெயர் இல்லாததால் அது யாருடைய ஊராகவும் ஆகிறது என்று எழுதினால் அதே உணர்ச்சிக்குப் புள்ளியும் கிடைக்கும்.

ஆறாம் படி: பயிற்சி

ஒவ்வொரு கவிதைக்கும் நான்கு, ஐந்து மேற்கோள் போதும். ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஐந்து சொல்லுக்குள். நீண்ட வரி எழுதினால் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று உங்களுக்கே மறந்துவிடும். முன்னால் சொன்ன ஆறு கவிதைகளுக்கு மட்டும் ஏழு, எட்டு வைத்துக்கொள்ளலாம்.

கட்டுரை எழுதிப் பழகுவதைவிட வாதம் எழுதிப் பழகுவது வேகமாகப் பலன் தரும். பதினைந்து பெயர்களையும் துண்டுக் காகிதத்தில் எழுதிக் குலுக்கி இரண்டை எடுங்கள். எடுத்த இரண்டுக்கும் ‘உடன்படும் இடம், பிரியும் இடம்’ என்று இரண்டு வாக்கியம், ஐந்து நிமிடத்தில். பொருந்தாத சோடி வந்தாலும் விடக்கூடாது. டிஷ்யூவும் பேயொனெட் சார்ஜும் வந்தால் தலை கொஞ்சம் சூடாகும். அப்புறம் ஹியூஸின் வீரன் ‘கிங், ஆனர்’ என்ற பெரிய சொற்களை ஆடம்பரப் பொருள்கள்போல் கீழே போடுவதும், தார்க்கர் நாம் கட்டிய கட்டடங்களைக் காகிதம்போல் மெலிதாகக் கற்பனை செய்வதும் கண்ணில் படும். மனிதர் பெரிதென்று நம்புகிறவை எவ்வளவு எளிதில் உதிர்கின்றன என்று ஒரு பாலம் கிடைக்கும். இந்தக் குலுக்கலை வாரத்தில் மூன்று நாள் செய்தால் போதும், முழு விடை இரண்டு வாரத்துக்கு ஒன்று எழுதினால் போதும்.

எழுதி முடித்த விடையில் ஒரு பச்சைப் பேனாவால் இரண்டு கவிதைகளையும் ஒரே வாக்கியத்தில் தொட்ட இடங்களுக்குக் கீழே கோடிடுங்கள். பந்திக்கு ஒன்றாவது இல்லையென்றால் அது ஒப்பீடு இல்லை. கவிஞரின் பெயர் எழுவாயாக வரும் இடங்களையும் பாருங்கள். ‘தி டியூக்’, ‘தி கிங்’, ‘தி சோல்ஜர்’ என்றே வாக்கியங்கள் தொடங்கினால் நீங்கள் மறுபடி கதை சொல்லத் தொடங்கிவிட்டீர்கள்.

முடிவுரைக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். நேரம் இருந்தால் ஒரு வாக்கியம், இல்லாவிட்டால் அந்த மூன்று நிமிடத்தை மூன்றாம் பந்திக்குக் கொடுங்கள். சொன்னதையே திரும்பச் சொல்வதற்கு யாரும் புள்ளி தருவதில்லை.

இதே திறமை பேப்பரின் கடைசிக் கேள்விக்கும் உதவும். பகுதி இயில் முன்பின் தெரியாத முதல் கவிதைக்கு 24 புள்ளி, பிறகு இரண்டாவது கவிதையை அதோடு ஒப்பிட 8 புள்ளி. அந்த எட்டும் கவிஞர்கள் கையாளும் முறைகளுக்கு மட்டுமே, பின்னணிக்கு அங்கே இடமில்லை. பன்னிரண்டு நிமிடம், ஒத்துப்போகும் ஒரு முறை, வேறுபடும் ஒரு முறை, இரண்டுக்கும் இரு கவிதைகளிலிருந்தும் ஒவ்வொரு குட்டி மேற்கோள். பகுதி ஆவில் நேரத்தை விழுங்கிவிட்டு இந்தக் கேள்வியைத் தொடாமலே பேப்பரைக் கொடுத்துவிட்டு வருபவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். கடிகாரத்தை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள், 45 நிமிடம் ஆனதும் அரை வாக்கியத்தில் நின்றாலும் பக்கத்தைப் புரட்டுங்கள்.